மனோவியாதியஸ்தரும் சர்க்கார் கடமையும்

நமது அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், மத்திய சர்க்காரும் ராஜ்ய சர்க்கார்களும் சேர்ந்து அதிகாரம் செலுத்தக்கூடிய விஷயங்களின் பட்டியல் ஒன்று உண்டு. அதில் 16ஆவது இனம் பைத்தியத்தையும் புத்திக் குறைவையும் பற்றியது. அத்தகையோரைச் சேர்த்துக்கொள்வதற்கும் சிகிச்சை செய்வதற்குமான இடங்களும் அதில் அடங்கும். 1950ஆம் ஆண்டில் அமலுக்கு வந்த இவ்வாசகம் இன்றளவும் அப்படியே இருக்கிறது. வார்த்தை பழமையானது என்பதற்காக நாம் யாரையும் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் அவ்வார்த்தைகளுக்குள் ஒளிந்துகிடக்கும் எண்ணம் ஒன்று இருக்கிறதே, அதுதான் நமக்கு வருத்தமளிப்பது. மனோவியாதி என்றவுடன் ஓர் இடம், அதைச் சுற்றி ஒரு மதில், மதிலுக்கு ஒரு கதவு, கதவுக்கு ஒரு பூட்டு என்றே சர்க்காரின் புத்தி ஓடுகிறது. வியாதியஸ்தன் பெரும்பாலும் தன் வீட்டிலேயே இருக்கிறான் என்ற எளிய உண்மை சட்டம் எழுதியவர்களுக்கும் தோன்றவில்லை. அதை நிர்வகிக்க வந்தவர்களுக்கும் நெடுங்காலம் தோன்றவில்லை.

சென்னையில் கும்பினி ஆட்சிக் காலத்தில், 1794ஆம் ஆண்டில், இத்தகைய இடம் ஒன்று முதன்முதலில் ஏற்பட்டது. 1871இல் அது கீழ்ப்பாக்கத்துக்கு மாற்றப்பட்டது. அன்று முதல் "கீழ்ப்பாக்கம்" என்ற ஊர்ப் பெயரே தமிழ்நாட்டில் ஒரு வசைச் சொல்லாகிவிட்டது. நல்ல மனிதர்கள் குடியிருக்கும் ஒரு பேட்டைக்கு இப்படி ஒரு கதி நேர்ந்ததை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வெட்கமும் வருகிறது. நிற்க, இந்தியா முழுமைக்கும் எத்தனை இடங்கள் இருந்தன? சுதந்திரத்துக்குச் சற்று முன்னர், 1946இல், போர் கமிட்டியார் சமர்ப்பித்த அறிக்கை அந்தக் கணக்கைத் தருகிறது. தேசம் முழுவதிலும் 19 மனோவியாதி ஆஸ்பத்திரிகள். அவற்றில் சுமார் 10,000 படுக்கைகள். ஏறத்தாழ 40,000 ஜனங்களுக்கு ஒரு படுக்கை வீதம் வந்தது. அதே காலத்தில் இங்கிலாந்தில் சுமார் 300 பேருக்கு ஒன்று இருந்தது.

படுக்கை கிடைக்காத மற்றவர்கள் எங்கே இருந்தார்கள்? வீட்டில்தான் இருந்தார்கள். தாயார் சோறூட்டினாள், தமக்கை குளிப்பாட்டினாள், தகப்பன் திண்ணையில் காவல் படுத்தான். சர்க்கார் ஒரு பைசாவும் செலவிடாமல், நமது குடும்பங்களே இந்நாட்டின் மிகப் பெரிய மனோவியாதி ஆஸ்பத்திரியை நடத்திவந்தன. இதைக் குறையாகவே பார்க்க வேண்டும் என்பதில்லை. அமிருதசரஸ் ஆஸ்பத்திரியில் டாக்டர் வித்யா ஸாகர் 1950களில் இதையே பலமாக மாற்றிக் காட்டினார். இடநெருக்கடி மிகுந்த அவ்வாஸ்பத்திரியின் வளாகத்தில் கூடாரங்கள் அடித்து, உறவினரையும் வியாதியஸ்தரோடு தங்கச் செய்தார். வேலூரில் 1957இல் ஏற்பட்ட மனநல மையமும் குடும்பத்தாரைக் கூடவே தங்க வைத்துச் சிகிச்சை செய்யும் முறையைக் கைக்கொண்டது. மேல்நாடுகள் பல பின்னால் கற்றுக்கொண்ட பாடம் இது.

ஆனால் குடும்பத்துக்குக் கை கொடுக்க எவருமில்லாதபோது அந்தக் குடும்பம் எங்கே போய் நிற்கும் என்பதை 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் தேதி நாடே கண்டது. இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்தவர்களுக்காகத் தனியார் நடத்திவந்த விடுதியொன்றில் விடியற்காலையில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். ஸுப்ரீம் கோர்ட்டு யாரும் மனுச் செய்வதற்குக் காத்திராமல் தானே அவ்விஷயத்தை எடுத்து விசாரித்தது. சங்கிலி பூட்டியவர்களைக் கண்டிப்பது அவசியந்தான். எனினும் அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் கொடியவர்களல்லர். பல வருஷங்கள் வைத்துப் பார்த்து, கையிலிருந்ததை விற்றுச் செலவழித்து, ஓய்ந்துபோனவர்களே அவர்களில் அநேகர். அவர்கள் ஓய்ந்துபோவதற்கு முன் சர்க்காரின் ஆள் ஒருவர் அவர்கள் வாசற்படியை மிதித்தாரா என்பதே நமது கேள்வி.

நாம் வழக்கறிஞர் தொழிலை முழுநேரமும் செய்துவந்த காலத்தில், 2012ஆம் ஆண்டில், ஓர் அம்மாள் நம்மிடம் வந்தார். இரண்டு ஏக்கர் நன்செய் நிலத்தைப் பற்றிய பாகப்பிரிவினை. மூத்த மகன் புத்தி ஸ்வாதீனமற்றவன். அவன் பாகத்தை நிர்வகிக்க ஒரு கார்டியனை நியமிக்கும்படி ஜில்லா கோர்ட்டில் மனுச் செய்ய வேண்டும். அப்போது அமலிலிருந்த 1987ஆம் வருஷத்து மனநலச் சட்டம், வியாதியஸ்தனின் சொத்தைப் பாதுகாப்பதற்கென்று ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கியிருந்தது. நாம் கேட்ட கேள்விகளெல்லாம் பட்டாவையும் சர்வே நம்பரையும் வாரிசுகளையும் பற்றியவையே. கையெழுத்திட்டு எழுந்தபோது அந்த அம்மாள் தாமாகவே சொன்னார்: "மாத்திரை தின்ற வரைக்கும் வயலுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு நன்றாகத்தான் இருந்தான், ஐயா. பஸ்ஸில் எல்லாரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று ஒரு நாள் ஏற மாட்டேனென்று விட்டான். ஆள் வராமல் மருந்து தர மாட்டோம் என்றார்கள். அதோடு நின்றது."

ஆஸ்பத்திரி 40 கிலோமீட்டர் தூரத்தில் இருந்தது. மனோவைத்தியர் வாரத்தில் ஒரு நாள்தான் அங்கே வருவார். மருந்து இலவசந்தான். ஆனால் இரண்டு பேருக்குப் பஸ் கட்டணம், இரண்டு பேரின் ஒரு நாள் கூலி, வழியில் அவன் இறங்கி ஓடிவிடுவானோ என்ற பயம் ஆகிய மூன்றுக்கும் விலை கொடுத்தே அந்த இலவசத்தைப் பெற வேண்டியிருந்தது. நிலத்துக்குக் கார்டியன் கிடைத்தார். மாத்திரைக்கு வழி கிடைக்கவில்லை. வழி உண்டா என்று நாமும் அன்று யோசிக்கவில்லை; நமக்குத் தெரிந்த சட்டம் நிலத்தோடு முடிந்துவிட்டது.

பழைய சட்டம் போய், 2017ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தது. 2018ஆம் ஆண்டு மே 29ஆம் தேதி அது அமலாயிற்று. சங்கிலியிடுவதை அது அடியோடு தடை செய்கிறது. குடும்பமோ வீடோ இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை ஆஸ்பத்திரியில் வைத்திருக்கக் கூடாது என்கிறது. அதன் 18ஆவது பிரிவை நமது வாசகர்கள் ஒவ்வொருவரும் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். சர்க்கார் நடத்தும் அல்லது பணமளிக்கும் மனநல சேவையைப் பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை என்று அது ஆரம்பிக்கிறது. குடும்பத்துக்கு உதவியாகவோ வீட்டிலேயே புனர்வாழ்வு அளிப்பதற்காகவோ செய்யப்படும் சேவையும் அவ்வுரிமையில் அடங்கும் என்று விவரமாகச் சொல்கிறது. நெடுந்தூரம் பிரயாணம் செய்யும்படி யாரையும் வைக்கக் கூடாது. ஒரு ஜில்லாவில் குறைந்தபட்ச சேவைகூட இல்லையானால், அந்த ஜில்லாவில் வேறெங்கேனும் பெற்ற சிகிச்சையின் செலவைச் சர்க்காரே ஏற்க வேண்டும். கடைசியாகச் சொன்னது சாதாரண விஷயமல்ல. சேவையில் தவறினால் பணம் கொடு என்று சர்க்காரையே கட்டுப்படுத்தும் ஷரத்து நமது சட்டப் புஸ்தகங்களில் அபூர்வமாகவே காணப்படுவது.

இவ்வளவு நல்ல பிரிவிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. அவசிய மருந்துகள் எல்லாக் காலத்திலும் இலவசமாகக் கிடைக்க வேண்டுமென்று விதித்த பார்லிமெண்டு, சமூக சுகாதார நிலையங்களிலும் அவற்றுக்கு மேற்பட்ட ஆஸ்பத்திரிகளிலும் கிடைத்தால் போதும் என்று நிறுத்திக்கொண்டது. கிராமத்துக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம் அந்த விதிக்குக் கீழே போய்விட்டது. அந்த அம்மாளின் மகன் ஏற மறுத்த பஸ் இன்னும் ஓடத்தான் வேண்டும்.

திட்டங்கள் இல்லாமலில்லை. தேசீய மனநலத் திட்டம் 1982இல் பிறந்தது. கர்நாடகத்துப் பெல்லாரியில் செய்து பார்த்த பரீக்ஷையை ஆதாரமாகக் கொண்டு 1996இல் ஜில்லா மனநலத் திட்டம் தொடங்கியது. முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட நான்கு ஜில்லாக்களில் நமது திருச்சிராப்பள்ளியும் ஒன்று. 2022 அக்டோபர் 10ஆம் தேதி "டெலி மானஸ்" என்ற தொலைபேசிச் சேவை ஏற்பட்டது. 14416 என்ற எண்ணை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். துயரத்தில் இருப்பவருக்கும், என்ன செய்வதென்று திகைக்கும் குடும்பத்தாருக்கும் இது மிகவும் பிரயோஜனமானது. இத்தனையும் இருந்தும் நிலைமை என்ன? 2015-16இல் பெங்களூர் நிம்ஹான்ஸ் ஸ்தாபனத்தார் தமிழ்நாடு உட்பட 12 ராஜ்யங்களில் நடத்திய தேசீய மனநலக் கணக்கெடுப்பில், வயது வந்தோரில் 100க்கு 10.6 பேருக்கு ஏதேனும் ஒரு மனோவியாதி இருப்பதாகத் தெரிந்தது. சிகிச்சை பெறாதிருப்போரின் விகிதமோ வியாதிக்கு வியாதி மாறி, 100க்கு 70 முதல் 92 வரை இருந்தது.

இதற்குப் பணமின்மையும் டாக்டர் பஞ்சமும் காரணமென்று எல்லோரும் சொல்வார்கள். மெய்தான். ஆனால் வேறொரு காரணமும் உண்டு. அது மற்ற வியாதிகளுக்கு இல்லாதது. காய்ச்சல்காரன் தனக்குக் காய்ச்சல் என்று அறிந்து வைத்தியரைத் தேடிப் போகிறான். கடுமையான மனோவியாதி கண்டவன் தனக்கு வியாதியில்லை என்று சாதிக்கிறான். மனச்சோர்வு முற்றியவனுக்கோ எழுந்து போவதற்கே திராணியில்லை. நாடி வருகிறவர்களுக்கு வைத்தியம் என்ற முறை எந்த வியாதிக்குப் பொருந்தினாலும் இந்த வியாதிக்குப் பொருந்தாது.

வீடு தேடிப் போவது சர்க்காரால் ஆகாத காரியம் என்று யாரும் இப்போது சொல்ல முடியாது. 2021 ஆகஸ்டு 5ஆம் தேதி கிருஷ்ணகிரி ஜில்லா சாமனப்பள்ளியில் "மக்களைத் தேடி மருத்துவம்" ஆரம்பமாயிற்று. இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகளைச் சுயஉதவிக் குழுக்களைச் சேர்ந்த பெண்கள் வாசலில் கொண்டுவந்து கொடுக்கின்றனர். படுத்த படுக்கையாயிருப்பவர்களை நர்ஸுகள் வந்து கவனிக்கின்றனர். இயன்முறை வைத்தியமும் வீட்டிலேயே நடக்கிறது. 2024இல் ஐக்கிய நாடுகள் ஸ்தாபனத்தின் விருதும் இத்திட்டத்துக்குக் கிடைத்தது. கட்சி அபிமானத்தை ஒதுக்கிவைத்துவிட்டு இதைப் பாராட்டுவதில் நமக்குத் தயக்கமில்லை. தாயின் இரத்த அழுத்தத்துக்கு வாசற்படி வரை வரக்கூடிய மாத்திரை, அதே வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்திருக்கும் மகனின் மனோவியாதிக்கும் வரலாம் என்பதே நமது யோசனை.

இது கற்பனையல்ல. சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984இல் ஸ்தாபித்த ஸ்கார்ப் நிலையத்தாரும், கோவாவிலும் மகாராஷ்டிரத்திலும் உள்ளவர்களும் சேர்ந்து 282 சித்தப்பிரமை நோயாளிகளிடம் இதைப் பரிசோதித்தனர். பட்டதாரி வைத்தியரல்லாத, பயிற்சி பெற்ற ஊழியர்கள் ஓராண்டு காலம் வீடுகளுக்குப் போய்வந்தார்கள். 2014இல் லான்ஸெட் பத்திரிகையில் முடிவு வெளியாயிற்று. வைத்திய நிலையத்தில் மட்டும் சிகிச்சை பெற்றவர்களைவிட இவர்கள் ஓரளவு அதிகமாகத் தேறினர். தமிழ்நாட்டுக் கிராமங்களில்தான் பலன் நன்கு தெரிந்தது. "ஓரளவு" என்ற சொல்லை நாம் மறைக்க விரும்பவில்லை. அற்புதம் நிகழும் என்று சொல்லி வரிப்பணம் கேட்பது நாணயமல்ல.

காரியத்திலும் சில நுட்பங்கள் உண்டு. தினமும் மாத்திரை விழுங்க மறுப்பவருக்கு, சில வாரங்களுக்கு ஒருமுறை போட்டால் போதுமான ஊசி மருந்து இருக்கிறது. கிராம நர்ஸ் அதைப் போடலாம். லித்தியம் உட்கொள்பவருக்கோ அவ்வப்போது இரத்தப் பரிசோதனை இன்றியமையாதது; இல்லையேல் மருந்தே விஷமாகும். ஆகவே மாத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு போவது மட்டும் வீட்டுச் சிகிச்சை ஆகாது. கைந்நடுக்கம், உடல் விறைப்பு முதலிய கெடுதல்களைக் கண்டுகொள்ளப் பயிற்சி வேண்டும். சந்தேகம் வந்தால் அன்றைக்கே ஜில்லா வைத்தியரோடு பேச வசதி வேண்டும். இவ்வேலையைச் செய்யும் பெண்களுக்கு ஊக்கத்தொகை என்ற பெயரில் சொற்பம் கொடுத்துவிட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக வேலையை ஏற்றுவதும் நியாயமல்ல. மற்றொன்று இரகசியம். எந்த வீட்டுக்கு எதற்காக அந்தப் பெண் போகிறாள் என்பது மறுநாள் தெருக்குழாயடியில் பேச்சாகுமானால், இரண்டாம் முறை கதவு திறக்காது. அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மனோவியாதிக்கும் ஒரே பை, ஒரே ஆள் என்று வைத்துக்கொண்டால் ஊரார் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

எல்லாவற்றையும் வீட்டின் தலையில் கட்டிவிட்டுச் சர்க்கார் ஒதுங்கிக்கொள்ளும் என்று அஞ்சுவோரும் இருக்கின்றனர். அவர்கள் பயம் வீண்பயமல்ல. அமெரிக்காவில் பெரிய ஆஸ்பத்திரிகளைக் காலி செய்தார்கள்; அவற்றுக்குப் பதிலாக 1963ஆம் வருஷத்துச் சட்டத்தில் வாக்களித்த சமூக மையங்களைப் போதிய அளவில் கட்டவில்லை. வெளிவந்தவர்களில் பலர் தெருவுக்கும் சிறைக்கும் போனார்கள். இத்தாலியில் 1978இல் சட்டமியற்றி மனோவியாதி ஆஸ்பத்திரிகளை மூட ஆரம்பித்தபோது, திரியெஸ்தே நகரத்தார் இரவும் திறந்திருக்கும் மையங்களை ஊருக்குள்ளேயே ஏற்படுத்தினர். அதனால் அங்கே அது நிலைத்தது. அவ்வளவு தூரம் போவானேன்? அண்டையிலுள்ள கேரளத்தில் 2008இல் நோய்த்தணிப்புச் சிகிச்சைக்கென்று ஒரு கொள்கை வகுத்து, பஞ்சாயத்துகளின் பொறுப்பில் நர்ஸுகளை வீடுகளுக்கு அனுப்பிவருகின்றனர். வேறு வியாதிகளுக்குப் பஞ்சாயத்து செய்யக்கூடியதை இதற்கு மட்டும் ஏன் செய்யக் கூடாது? அடிதடியும் பகையும் நிறைந்த வீடுகளும் உண்டென்பதை நாம் மறக்கவில்லை. அத்தகைய வீடு சிகிச்சைக்குரிய இடமல்ல. அங்கிருந்து வெளியேற விரும்புபவருக்கு ஊருக்குள்ளேயே தங்குமிடம் கொடுக்க வேண்டுமென்று அதே 18ஆவது பிரிவு சொல்கிறது.

சர்வதேச அளவுக்கேற்ற எண்ணிக்கையில் மனநல ஊழியர்களைப் பத்து வருஷங்களுக்குள் ஏற்படுத்த வேண்டுமென்று சட்டத்தின் 31ஆவது பிரிவு சர்க்காருக்குத் தவணை கொடுத்திருக்கிறது. அத்தவணை 2028ஆம் ஆண்டு மே மாதத்தோடு முடிகிறது. சுகாதார மானியக் கோரிக்கை விவாதத்துக்கு வரும்போது, நமது சட்டசபை அங்கத்தினர்கள் மந்திரியாரிடம் மூன்று கணக்குகளைக் கேட்டுப் பெற வேண்டும். ஒவ்வொரு ஜில்லா மனநல வைத்திய நிலையத்தின் பதிவேட்டிலும் உள்ளவர்களில், தொடர்ந்து இரண்டு மாதம் வராமற்போனவர்கள் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேர் வீட்டுக்கு யாராவது போய் விசாரித்தார்கள்? சேவை கிடைக்காமல் வெளியில் சிகிச்சை பெற்று, 18ஆவது பிரிவின்கீழ் செலவைத் திருப்பிக் கேட்டவர்களுக்கு எவ்வளவு பணம் கொடுக்கப்பட்டது?