“நான்தான்” என்றால் போதுமா?

இரவு நேரம். யாரோ கதவைத் தட்டுகிறார்கள். “யாரது?” என்று கேட்கிறோம். “நான்தான்” என்று பதில் வருகிறது. பெயரைச் சொல்லவில்லை. ஆனாலும் கதவைத் திறந்துவிடுகிறோம். குரலே ஆளைச் சொல்லிவிடுகிறது.

இது எப்படி?

நம் தொண்டையில் குரல் நாண்கள் இருக்கின்றன. பேசும்போது மூச்சுக்காற்று பட்டு அவை அதிர்கின்றன. ஆண்களுக்கு ஒரு விநாடியில் 100 முறைக்கு மேல் அதிரும். பெண்களுக்கு ஏறக்குறைய 200 முறை. ஆனால் நாண் மட்டும் குரல் ஆகாது. தொண்டை, வாய், மூக்கு ஆகியவற்றின் அளவும் சேர வேண்டும். குடத்துக்குள் பேசிப் பாருங்கள். பிறகு சொம்புக்குள் பேசிப் பாருங்கள். பேசுவது நீங்கள்தான். சத்தம் வேறாகக் கேட்கும். இதோடு இழுத்துப் பேசுவது, வேகமாகப் பேசுவது, ஊர்ப் பேச்சு எல்லாம் சேர்கின்றன.

வயிற்றில் இருக்கும்போதே பிள்ளைக்குத் தாயின் குரல் கேட்கிறது. 1980-ல் அமெரிக்காவில் இதைச் சோதித்தார்கள். பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகளின் வாயில் ரப்பர் காம்பு வைத்தார்கள். ஒரு விதமாகச் சப்பினால் தாயின் குரல் கேட்கும். வேறு விதமாகச் சப்பினால் வேறு பெண்ணின் குரல் கேட்கும். குழந்தைகள் தாயின் குரல் வரும்படியே அதிகம் சப்பின. கண் பார்வைகூடத் தெளியாத வயதில் இந்தக் கெட்டிக்காரத்தனம்!

முன்பின் தெரியாதவர் குரல் அப்படி மனதில் நிற்பதில்லை. 1937-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், புதிய குரலை மறுநாள் 100-க்கு 83 பேர் சரியாக அடையாளம் சொன்னார்கள். ஐந்து மாதம் கழித்து 13 பேர்தான் சொன்னார்கள். “திருடன் குரல் இதுதான்” என்று யாராவது சொன்னால், அதை மட்டும் வைத்து ஒருவரைக் குற்றவாளி ஆக்கிவிடலாமா?

பழகிய குரலிலும் இப்போது ஏமாற்று வந்துவிட்டது. ஒருவர் பேசிய பேச்சு கொஞ்சம் கிடைத்தால் போதும். கம்ப்யூட்டர் அவர் குரலிலேயே பேசுகிறது. செல்போனில் மகன் குரல் அழுகிறது: “அம்மா, நான்தான். ஆபத்தில் இருக்கிறேன். உடனே பணம் அனுப்பு.” பதறும் நேரத்தில் காது எளிதில் ஏமாறும். பணம் அனுப்பாதீர்கள். போனை வைத்துவிடுங்கள். மகனுடைய பழைய எண்ணுக்கு நீங்களே பேசுங்கள். பணம் ஏற்கெனவே போய்விட்டதா? 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்து சொல்லுங்கள். இந்தியா முழுவதற்கும் அதே எண்தான்.