டிக்கெட்டில் ஒரு மணி நேரம், வீட்டிலிருந்து எத்தனை?

மலாக்காவின் பத்து பெரண்டாம் விமான நிலையத்திலிருந்து பினாங்கின் பாயான் லெப்பாஸ் வான்வழியில் சுமார் 400 கிலோமீட்டர். நேரடி விமானம் இருந்தால் ஒரு மணி நேரச் சொச்சம்தான். ஆனால் பத்து பெரண்டாமில் பினாங்குச் சேவை தொடங்கியதும் உண்டு, நின்றதும் உண்டு. அதனால் மலாக்காவின் பாயா ரும்புட் மக்களில் பெரும்பாலோர் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையமான கே.எல்.ஐ.ஏ.வைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

கணக்கு இப்படி

கே.எல்.ஐ.ஏ.யிலிருந்து பினாங்கு சுமார் 325 கிலோமீட்டர். டிக்கெட்டில் ஒரு மணி நேரம் என்றிருக்கும். அதற்கு முன்னால், சிம்பாங் அம்பாட் டோல் ஏறி நீலாய் வழியாகப் போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஒதுக்க வேண்டும். பல நிறுவனங்கள் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே கவுண்டரை மூடிவிடும். பெட்டி வந்து, டாக்சி பிடித்து, ஊருக்குள் போவதையும் சேர்த்தால் ஐந்து மணி நேரம் ஓடிவிடும். திருச்சிக்குப் போவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டிக்கெட்டில் உள்ளது அந்தந்த ஊர் நேரம். இந்தியா நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால் இருப்பதால், நான்கு மணி நேரப் பயணம் ஒன்றரை மணி நேரம் போலத் தெரியும்.

எங்கே ஏமாறுகிறோம்

பினாங்கிலிருந்து ஒரு டிக்கெட், திருச்சிக்கு வேறொரு டிக்கெட் என்று தனித்தனியாக எடுத்தால், முதல் விமானம் தாமதித்து இரண்டாவது தவறும்போது நஷ்டம் பெரும்பாலும் நம் தலையில்தான். ஒரே முன்பதிவில் எடுப்பதே பாதுகாப்பு. புறப்படுவது சுபாங்கிலிருந்தா, கே.எல்.ஐ.ஏ.யின் முதல் முனையத்திலிருந்தா, இரண்டாவதிலிருந்தா என்பதையும் டிக்கெட் எடுக்கும்போதே பாருங்கள்.

உங்கள் உரிமை

2016ஆம் ஆண்டின் மலேசிய விமானப் பயனீட்டாளர் பாதுகாப்பு விதிகளின்படி, விமானம் இரண்டு மணி நேரம் தாமதித்தால் நிறுவனம் சாப்பாடு தர வேண்டும். ஐந்து மணி நேரமாகி இரவு தங்க நேர்ந்தால் ஹோட்டலும் அங்கே போய்வர வண்டியும் தர வேண்டும். 2024 செப்டம்பர் 2 முதல், ஐந்து மணி நேரமோ அதற்கு மேலோ தாமதித்தால் பயணத்தைக் கைவிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். கட்டிய வழியிலேயே 30 நாட்களுக்குள் பணம் வர வேண்டும். வவுச்சர்தான் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

என்ன செய்வது

போர்டிங் பாஸ், தாமத அறிவிப்பின் படம், சாப்பாட்டு ரசீது எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். பெட்டி உடைந்திருந்தால் விமான நிலையத்தை விட்டு வெளியேறுமுன் புகார் எழுதி நகல் வாங்குங்கள். அனைத்துலகப் பயணத்தில் அந்த எழுத்துப் புகாருக்கு ஏழு நாள்தான் கெடு. பிறகு நிறுவனத்திடம் முறையிடுங்கள். 30 நாட்களில் தீர்வு இல்லையென்றால் மலேசியப் பொது விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் போகலாம். முன்பு மாவ்கோம் என்ற ஆணையம் பார்த்துவந்த இந்தப் பொறுப்பு 2025 ஆகஸ்டு 1 முதல் இந்த ஆணையத்திடம் உள்ளது.

தோட்டத்துப் பெரியவர்கள் பலர், மலாயில் புகார் எழுதத் தயங்கியே உரிய பணத்தை விட்டுவிடுகிறார்கள். வீட்டில் படித்த பிள்ளைகள் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தால், அந்தப் பணம் அவர்கள் கைக்கு வந்து சேரும்.