உப்பளத்தின் பருவமும் கல்லூரியின் பருவமும்

முதல் தலைமுறை மாணவர்கள் படிப்பைத் தொடர முடியாமல் போவதற்குப் பணமே காரணம் என்று நாம் நினைக்கிறோம். அது பாதி உண்மை. மீதிப் பாதியை அறிய விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் உப்பளங்களைப் பார்த்தால் போதும்.

அங்கே உப்பு உற்பத்தி ஆண்டின் தொடக்கத்தில் ஆரம்பித்து, வடகிழக்குப் பருவமழை வரும்வரை நடக்கிறது. வெயில் உச்சத்தில் இருக்கும் மே, ஜூன் மாதங்களில்தான் வேலையும் மும்முரம். பிளஸ் டூ முடிவு, கல்லூரி விண்ணப்பம், கலந்தாய்வு எல்லாம் வருவதும் அப்போதே. சான்றிதழுக்காக அலைந்தால் பெற்றோருக்கு ஒரு நாள் கூலி போய்விடும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை பாத்திகளில் மழைநீர் நிற்கும், வேலை இருக்காது. இதற்காகத்தான் தமிழக அரசு உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் வழங்குகிறது. முதல் பருவத் தேர்வும் அதற்கான கட்டணமும் வருவது இதே மாதங்களில்தான். ஆக, வேலை இருக்கும்போது நேரம் இல்லை. நேரம் இருக்கும்போது வருமானம் இல்லை.

பட்டதாரி இருக்கும் வீட்டில் சாப்பாட்டு நேரப் பேச்சிலேயே தெரிந்துவிடும் பல செய்திகள், மற்ற வீடுகளுக்குக் காலம் கடந்துதான் வந்து சேர்கின்றன. முதல் பட்டதாரி சான்றிதழையே எடுத்துக்கொள்வோம். குடும்பத்தில் யாரும் பட்டம் பெறாதிருந்தால் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். அதனால் தொழிற்கல்விப் படிப்புகளில் கல்விக் கட்டணச் சலுகை கிடைக்கும். ஆனால் அரசுக் கலந்தாய்வு வழியே சேர வேண்டும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் சலுகை இல்லை. இது தெரியாமல் அவசரப்பட்டு இடம் வாங்கும் குடும்பம், கிடைக்க வேண்டிய உதவியை இழக்கிறது.

புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் இப்படித்தான். அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ 6 முதல் 12ஆம் வகுப்பு வரை படித்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. அதைக் கேட்டுப் பெற, அப்படி ஒன்று இருப்பது முதலில் தெரிய வேண்டும்.

இந்த இடைவெளியை நிரப்பவே வழிகாட்டி நிகழ்ச்சிகள் தேவைப்படுகின்றன. பள்ளி முடிப்பவர்களுக்குத் தமிழக அரசு 2022 முதல் 'கல்லூரிக் கனவு' நிகழ்ச்சியை நடத்துகிறது. கல்லூரியில் சேராமல் நின்றுபோனவர்களுக்கு 'உயர்வுக்குப் படி' முகாம்கள் உள்ளன. இவை வாசல்வரை கொண்டுசேர்க்கும். உள்ளே போன பிறகு? ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பு, முதல் அரியர், யாரிடம் கேட்பது என்ற கூச்சம். பலர் மனம் தளர்வது இங்கேதான்.

அமெரிக்கக் கல்லூரிகள் 2017 முதல் நவம்பர் 8ஆம் தேதியை முதல் தலைமுறை மாணவர்களுக்கான நாளாகக் கொண்டாடுகின்றன. அந்நாட்டின் உயர்கல்விச் சட்டம் 1965இல் கையெழுத்தான நாள் அது. அன்று பேராசிரியர்களும் ஊழியர்களும், "எங்கள் வீட்டில் நான்தான் முதலில் படித்தேன்" என்று வெளிப்படையாகச் சொல்கிறார்கள். தான் மட்டும் இப்படி இல்லை என்று தெரிந்தவுடன் ஒரு மாணவனின் கூச்சம் பாதி குறைந்துவிடும். நம் கல்லூரிகளிலும் இதற்குப் பெரிய செலவு ஆகாது. ஓர் அறையும் சில மூத்த மாணவர்களும் போதும்.

நிகழ்ச்சி நடக்கும் நேரத்தையும் இடத்தையும் உழைப்பவர்களுக்கு ஏற்ப மாற்றுவதே முக்கியம். சேர்க்கைக்கான வழிகாட்டலை மே மாதத்துக்கு முன்பே, வேலை முடிந்த மாலையில், ஊருக்குள்ளேயே வைக்கலாம். அடுத்த கூட்டத்தை நவம்பரில் வைத்து, தேர்வுக் கட்டணம் கட்ட முடியாதவர்கள் யார் என்று அமைதியாகக் கேட்டறியலாம். நம் மஹல்லா ஜமாஅத்துகளும் பள்ளிவாசல் வளாகத்தில் இதைச் செய்யலாம். எந்தச் சமயத்துப் பிள்ளை வந்தாலும் வழிகாட்டலாம்.

நம் வீடுகளில் பட்டம் பெற்றவர்கள் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு மாணவருக்குத் தம் கைபேசி எண்ணைக் கொடுத்து, "எது புரியாவிட்டாலும் கேள்" என்று சொன்னாலே போதும். அந்த வீட்டுக்கும் ஒரு பட்டதாரி உறவு கிடைத்துவிடும்.