மைசூரின் பெயர் தாங்கிய விமானம்

மைசூரு அரண்மனையைக் கண்டவர்கள் அங்கே இருதலைப் பறவையொன்றின் உருவத்தையும் கண்டிருப்பார்கள். கண்டபேரண்டம் என்று அதற்குப் பெயர். உடையார் மன்னர்களின் சின்னமாக விளங்கிய அந்தப் பறவை இன்று கர்நாடக அரசின் முத்திரையிலும் நடுநாயகமாக அமர்ந்திருக்கிறது. அதே பறவை இரண்டாம் உலக யுத்தத்தின்போது இங்கிலாந்தின் போர் விமானப் பிரிவொன்றுக்கும் சின்னமாயிற்று என்பதைப் பலர் அறியமாட்டார்கள்.

1941-ஆம் ஆண்டு ஜூன் மாதம் யார்க்ஷயர் பகுதியிலுள்ள லெக்கன்ஃபீல்டு என்னும் விமானத் தளத்தில் பிரிட்டிஷ் விமானப் படையின் 129-ஆவது பிரிவு மீண்டும் அமைக்கப்பட்டது. அதற்கு ஸ்பிட்ஃபயர் விமானங்கள் வாங்க மைசூர் சமஸ்தானம் பொருளுதவி செய்தது. அந்த நன்றிக்காக அப்பிரிவின் பெயரோடு ‘மைசூர்’ என்ற சொல் சேர்க்கப்பட்டது. கண்டபேரண்டம் அதன் சின்னமாயிற்று; ‘நியாயத்தைக் காப்பேன்’ என்ற பொருளுடைய வாசகம் அதன் குறிக்கோளாயிற்று. பெயர்தான் மைசூருடையது, பிரிவு பிரிட்டிஷ் விமானப் படையைச் சேர்ந்தது, பறந்தது இங்கிலாந்தின் வானில். 1946-ஆம் ஆண்டு செப்டம்பரில் அப்பிரிவுக்கு வேறு எண் வழங்கப்பட்டது. அத்துடன் 129 என்ற எண்ணும் மைசூர் என்ற பெயரும் யுத்தச் சரித்திர ஏடுகளுக்குள் ஒதுங்கிவிட்டன.

அவ்வாறு ஒதுங்கியவற்றை மீண்டும் வானத்தில் ஏற்றும் ஒரு விந்தையான கலை நம் காலத்தில் வளர்ந்திருக்கிறது. கணிப்பொறித் திரையில் போர் விமானத்தை ஓட்டிப் பழகும் பாவனை விளையாட்டுகள் உண்டு. ரஷ்யாவில் உருவாகி 2001-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘இல்-2 ஸ்டர்மோவிக்’ அவற்றுள் பெயர் பெற்றது. விளையாட்டைச் செய்தவர்கள் சில விமானங்களை மட்டுமே கொடுக்க முடியும். மற்றவற்றை ஆர்வலர்கள் தம் வீட்டிலிருந்தபடியே, ஊதியம் எதுவும் கருதாமல், உருவாக்கிப் பிறருக்கு வழங்குகிறார்கள். வீட்டில் தொடங்கும் ஆர்வம் ஊருக்குப் பயன்படுவது மைசூருக்குப் புதிதன்று. பேராசிரியர் எம். வி. கோபாலசாமி 1935-ஆம் ஆண்டில் தம் இல்லத்தில் சிறியதொரு ஒலிபரப்பு நிலையத்தைத் தொடங்கியதும் இந்நகரில்தானே!

இந்த வேலையில் இரண்டு பகுதிகள் உண்டு. முதலாவது உடல். விமானத்தின் உருவம் திரையில் ஆயிரக்கணக்கான சிறு முக்கோணங்களை ஒட்டவைத்து ஆக்கப்படுகிறது. முக்கோணங்கள் மிகுந்தால் வளைவுகள் மெருகு பெறும். ஆனால் கணிப்பொறி திணறும். குறைந்தால் வேகம் கிட்டும். மூக்கு பட்டை பட்டையாகத் தோன்றும். ஸ்பிட்ஃபயரின் நீளம் ஏறக்குறைய 30 அடி. இறக்கையின் அகலம் 36 அடி 10 அங்குலம். இவ்வளவையும் தொழிற்சாலை வரைபடங்களோடு ஒப்பிட்டு, அதன் நீள்வட்ட இறக்கையின் வளைவு பிசகாமல் கொண்டுவருவதே உடல் செய்பவரின் திறமை.

இரண்டாவது பகுதி மேற்பூச்சு. ஆர்வலர்கள் இதை ‘ஸ்கின்’, அதாவது தோல், என்பார்கள். ஒரு சட்டையைத் தையல் பிரித்து மேசையில் பரப்பினால் முன்பக்கம், முதுகு, கை என்று தனித்தனித் துண்டுகள் கிடக்கும் அல்லவா? அதுபோலவே விமானத்தின் மேற்பரப்பைப் பிரித்துச் சதுரமான ஒரு படத்தில் பரப்பிவிடுவார்கள். அப்படத்தில் தீட்டும் வண்ணம் அப்படியே விமானத்தின்மேல் போர்த்தப்படும். பழைய இல்-2 விளையாட்டில் அந்தச் சதுரம் பக்கத்துக்கு 1,024 புள்ளிகள் கொண்டது; வண்ணங்கள் 256-க்கு மேற்படலாகாது. இச்சிறிய துணியில் ஒரு யுத்தத்தையே எழுத வேண்டும்! சில மாதிரிகளில் இடப்புறத்துக்கும் வலப்புறத்துக்கும் ஒரே துண்டு பயன்படுவதுண்டு. அப்போது ஒரு பக்கத்தில் எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோலத் தலைமாறி நிற்கும். உடல் செய்தவர் இதை முன்கூட்டியே எண்ணியிருக்க வேண்டும்.

ஆனால் தூரிகையின் திறமை மட்டும் போதுமா? போதாது. 129-ஆவது பிரிவின் விமானத்தைத் தீட்ட அமர்பவர் முதலில் விடை காண வேண்டிய கேள்வி, “எந்தத் தேதியின் விமானம்?” என்பதே.

1941-ஆம் ஆண்டின் கோடையில் என்றால், மேற்புறம் கரும்பச்சையும் மண்ணிறமும் கலந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்திலிருந்து மண்ணிறம் நீங்கிக் கடல் சாம்பல் நிறம் வந்தது. ஆங்கிலக் கால்வாயின் மேலும் அதற்கப்பாலும் பறக்கும் விமானம் வயலோடு மறைவதைக் காட்டிலும் நீரோடும் முகிலோடும் மறைவதே அவசியமாயிற்று. 1942-ஆம் ஆண்டின் நடுவில் பக்கவாட்டிலுள்ள வட்டச் சின்னமும் மாறியது. அதன் வெள்ளை வளையமும் மஞ்சள் வளையமும் மெலிந்தன. 1944-ஆம் ஆண்டின் வசந்தத்தில் விமானமே மாறியது; ஸ்பிட்ஃபயரின் இடத்தில் மஸ்டாங் வந்தது. ஜூன் மாதத்தில் நார்மண்டிப் படையெடுப்புக்காக இறக்கைகளிலும் உடலிலும் கறுப்பு வெள்ளைப் பட்டைகள், ஒவ்வொன்றும் 18 அங்குல அகலத்தில், தீட்டப்பட்டன. ஆண்டு இறுதியில் மீண்டும் ஸ்பிட்ஃபயர். இத்தனைக்கும் பிரிவு ஒன்றே. அதன் அடையாள எழுத்துகளான டி, வி என்பனவும் அவையே. தேதி அறியாமல் தீட்டப்படும் ஓவியம் அழகாயிருக்கலாம். அத்தகைய விமானமோ எந்த நாளிலும் பறந்திருக்காது.

“புகைப்படம் இருக்கிறதே, அதைப் பார்த்துத் தீட்டினால் என்ன?” என்று நேயர்கள் கேட்கலாம். புகைப்படமும் சில வேளை ஏமாற்றும். அக்காலத்துக் கறுப்பு வெள்ளைப் படச்சுருள்களுள் ஒருவகை சிவப்பொளியை உணரும் ஆற்றலற்றது. அதில் சிவப்பு கறுத்துவிடும், மஞ்சளும் இருண்டு தோன்றும், நீலமோ வெளுத்துவிடும். அதை அறியாதவர் சின்னத்தைச் சூழ்ந்த மஞ்சள் வளையத்தைக் கறுப்பு என்று எண்ணி ஏமாறலாம். ஆகவே ஒரு படத்தை நம்பாமல் பல படங்களையும், விமானப் படையின் ஆணைகளையும், பிரிவின் நாட்குறிப்புகளையும் ஒப்புநோக்க வேண்டியிருக்கிறது.

தேதியைப் போலவே இடமும் முக்கியம். நம் மதராஸ் மாகாணத்தின் பெயரையும் மூன்று பிரிவுகள் தாங்கியிருந்தன. அவற்றுள் 79-ஆவது பிரிவு 1942-ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்து பர்மா முனையில் ஹரிக்கேன் விமானங்களோடு போரிட்டது. இங்கே ஜப்பானியரின் சின்னம் செந்நிற வட்டம். நண்பனைப் பகைவன் என்று எண்ணிச் சுட்டுவிடும் ஆபத்து இருந்ததால், நம் பக்கத்து விமானங்களின் வட்டச் சின்னத்திலிருந்து சிவப்பு அறவே நீக்கப்பட்டது. ஐரோப்பாவில் மறைந்த மண்ணிறமும் இங்கே தொடர்ந்தது. இங்கிலாந்தின் சின்னத்தைப் பர்மா விமானத்தின்மேல் இடுபவர், சுடப்படாமல் இருக்கச் செய்த ஏற்பாட்டையே அழித்துவிடுகிறார்.

இவை யாவற்றினும் பெரிய சோதனை ஒன்று உண்டு. மைசூர்ப் பிரிவின் விமானம் என்றவுடனே கண்டபேரண்டத்தை அதன் மூக்கருகே பெரிதாகத் தீட்ட எவருக்கும் கை துடிக்கும். பொன்னிறத்தில், இரு தலைகளும் விரித்த சிறகுமாய்த் தீட்டினால் கண்ணுக்கு விருந்தாகவும் இருக்கும். மைசூருக்குப் பெருமை என்றும் தோன்றும். ஆனால் ஒரு பிரிவின் சின்னம் ஏட்டில் இருந்தது என்பதனால் அது ஒவ்வொரு விமானத்தின்மேலும் இருந்தது என்று ஆகிவிடாது. போர்க்காலத்தில் சின்னம் தீட்டப்படாமலே பறந்தவை மிகப் பல. குறிப்பிட்ட ஒரு விமானத்தில் பறவை இருந்ததற்குச் சான்று உண்டா? இருந்தால் தீட்டலாம். இல்லாவிடில் ஆசையை அடக்க வேண்டும்; அல்லது ‘இது கற்பனை’ என்று தெளிவாக எழுதிவிட வேண்டும்.

விளையாட்டுக்கு இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு என்று கேட்பது நியாயமே. ஒருவர் செய்த மேற்பூச்சைப் பலர் பெற்றுக்கொள்கிறார்கள். அதைத் திரையில் பறக்கவிட்டுப் படம் எடுக்கிறார்கள். அந்தப் படம் கைமாறிக் கைமாறிப் போகும்போது, பிறந்த இடம் மறந்து, அதுவே பழைய விமானத்தின் உருவம் என்று நிலைபெற்றுவிடுகிறது. பின்னர் ஒரு மாணவன் சரித்திரம் அறிய விரும்பித் தேடும்போது, நூலகத்தின் மங்கிய புகைப்படத்துக்கு முன்னதாக இந்தப் பளபளப்பான படமே அவன் கண்ணில் படும். பொய்யும் மெய்யும் ஒரே வண்ணத்தில் இருந்தால் அவன் எதைக் கொள்வான்?

ஆகையால் தேர்ந்த கலைஞர்கள் மேற்பூச்சோடு ஒரு சிறு குறிப்பையும் வைக்கிறார்கள். இது எந்தப் பிரிவு, எந்த மாதம், எந்தப் புகைப்படத்தைக் கொண்டு செய்தது, எது ஊகம் என்று அதில் எழுதுகிறார்கள். நான்கே வரிகள்தாம்; ஆனால் அந்த நான்கு வரிகளே விளையாட்டைச் சரித்திரமாக்குகின்றன.

மைசூர் சமஸ்தானம் கொடுத்த பணம், மக்களின் உழைப்பில் விளைந்த பணம். அந்த விமானங்களில் ஏறிச் சென்ற இளைஞர்களுள் திரும்பி வராதவர்களும் உண்டு. அந்தக் கதையில் எஞ்சியிருப்பது ஒரு பெயரும் ஒரு பறவையுந்தான். பறவையைப் பெரிதாகத் தீட்டுவதைவிட உண்மையாகத் தீட்டுவதே அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை.