பசுவுக்கு நாலு கால், ஹெரிட்டபிலிட்டி பூஜ்யம்

இன்னிக்கு எபிசோடை ஒரு திருத்தத்தோட ஆரம்பிக்கணும். போன தடவை இறைச்சி மாட்டு வளர்ப்பு பத்திப் பேசும்போது, "சினை பிடிக்கிற விஷயத்துல ஜீனுக்குப் பங்கு பத்து சதவீதம்தான், மீதியெல்லாம் தீவனமும் வெயிலும். அதுக்காகப் பார்த்துப் பார்த்து பொலிகாளை வாங்குறது வீண்"னு அடிச்சு விட்டேன். கால்நடை மருத்துவம் படிக்கிற ஒரு நேயர் மெயில் போட்டாங்க: "அண்ணா, நம்பர் சரி. நீங்க சொன்ன அர்த்தம்தான் மொத்தமும் தப்பு." ரெண்டு நாள் உட்கார்ந்து படிச்சேன். அவங்க சொன்னது சரி.

அந்த நம்பருக்குப் பேர் ஹெரிட்டபிலிட்டி. பூஜ்யத்துல இருந்து ஒண்ணு வரைக்கும் போகும். ஒரு மந்தைக்குள்ள மாட்டுக்கு மாடு இருக்கிற வித்தியாசத்துல எவ்வளவு பங்கு, பெற்றோர் கன்னுக்குக் கடத்துற ஜீன்களால வருதுன்னு அது சொல்லும். இதுல "வித்தியாசம்"ங்கிற வார்த்தையை விட்டுட்டா கதை கந்தல். நான் விட்டது அதைத்தான். ஒரு பசுவுக்கு நாலு கால் இருக்கிறதுக்குக் காரணம் முழுக்க ஜீன். ஆனா மந்தையில மூணு கால் மாடு ஒண்ணு இருந்தா, அது பெரும்பாலும் விபத்து. கால் எண்ணிக்கையில இருக்கிற வித்தியாசம் ஜீனால வரல. அப்போ ஹெரிட்டபிலிட்டி கிட்டத்தட்ட பூஜ்யம்!

இதை எப்படிக் கணக்குப் போடுறாங்க? அமெரிக்காவுல மொன்டானா மாநிலத்துல மைல்ஸ் சிட்டின்னு ஒரு ஊர். அங்க ஃபோர்ட் கியோ ஆராய்ச்சி நிலையத்துல 1934-ல 'லைன் 1'ங்கிற ஹெரிஃபோர்டு மந்தையை ஆரம்பிச்சாங்க. (2009-ல முதல்முதலா மாட்டோட முழு மரபணு வரிசை வெளியாச்சே, அந்தப் பசு டாமினெட் இந்த மந்தையில பிறந்தவதான்.) அந்த நிலையத்துப் பதிவேடுகளை வச்சு நாப், நார்ட்ஸ்காக்னு ரெண்டு பேர் 1946-லயே இறைச்சி மாட்டு வளர்ச்சியோட ஹெரிட்டபிலிட்டியைக் கணக்குப் போட்டுட்டாங்க. யோசனை ரொம்ப எளிமை. ஒரே காளைக்கு வேற வேற பசுக்கள்கிட்ட பிறந்த கன்னுங்க, ஒரே இடத்துல ஒரே தீனி தின்னு வளருது. ஒரு காளையோட பிள்ளைங்க இன்னொரு காளையோட பிள்ளைங்களை விட எப்பவும் கனமா இருந்தா, அந்தக் கனம் அப்பன் குடுத்தது.

இப்போ வர்ற மதிப்புகள் ஏறக்குறைய இப்படி: பால் மறக்கடிக்கும்போது கன்னோட எடை 0.25 பக்கம். ஒரு வயசு எடை, அறுத்த பிறகு அளக்கிற சதைப் பரப்பு, கறிக்குள்ள ஓடுற கொழுப்பு இழை, இதெல்லாம் 0.4 பக்கம். சினை பிடிச்சுதா இல்லையாங்கிறது மட்டும் 0.1 அல்லது அதுக்கும் கீழே.

ஒரு கணக்கு போடுவோம். மந்தையில கன்னுங்க சராசரி எடை 220 கிலோ. நாம தேர்ந்தெடுத்த அப்பா அம்மாக்கள் அந்த வயசுல இருந்த எடையோட சராசரி 245, அதாவது 25 கிலோ கூட. ஹெரிட்டபிலிட்டி 0.25-னா அடுத்த தலைமுறை சராசரியா 6 கிலோ சொச்சம்தான் கூடும். மிச்சம் பெரும்பாலும் அந்த வருஷத்து மழை, புல்லு, அம்மா குடுத்த பால்.

இப்ப என் தப்புக்கு வரேன். மாடு வளர்க்கிறவருக்குக் கொழுப்பு இழையை விட முக்கியம், பசு வருஷத்துக்கு ஒரு கன்னு போடுறது. போடலைன்னா வருஷம் முழுக்கத் தின்ன தீனி நஷ்டம், பசுவும் அறுப்புக்குப் போகும். அவ்வளவு முக்கியமான விஷயத்துல ஏன் நம்பர் இவ்வளவு சின்னது? ஹெரிட்டபிலிட்டி ஒரு பின்னம். மேல ஜீனால வர்ற வித்தியாசம், கீழே மொத்த வித்தியாசம். சினை பிடிக்காம போக ஆயிரம் காரணம்: இளைச்சுப் போன உடம்பு, காளைக்குக் காய்ச்சல், சரியா பருவத்துக்கு வராத நாள். கீழ் எண் ஊதிப் போகுது, பின்னம் சுருங்குது. அதுக்கு மேல, நாம பதியறது "ஆமா" இல்ல "இல்லை" மட்டும். சீக்கிரமே சினையானதும் கடைசி வாரத்துல தட்டுத்தடுமாறி ஆனதும் நோட்டுல ஒரே டிக்.

அளக்கிற விதத்தை மாத்தினா? ஆஸ்திரேலியாவோட வடக்குப் பகுதியில அதைச் செஞ்சாங்க. வெக்கையும் வறட்சியும் உள்ள பூமி, பிராமன் மாடுங்க. கிடேரிகளோட சினைப்பையைத் திரும்பத் திரும்ப ஸ்கேன் பண்ணி, முதல் முட்டை எந்த வயசுல வெளிவருதுன்னு குறிச்சாங்க. அந்த வயசோட ஹெரிட்டபிலிட்டி 0.5-க்கும் மேல வந்துச்சு. எடையை விடவே அதிகம்!

ஸ்கேன் வசதி இல்லாதவங்களுக்கு ஒரு டேப் இருக்கு. சிரிக்காதீங்க, காளைக்கு ஒரு வயசாகும்போது விதைப்பையைச் சுத்தி அளப்பாங்க. அந்தச் சுற்றளவோட ஹெரிட்டபிலிட்டி பெரும்பாலும் 0.4-க்குக் குறையாது. சுற்றளவு பெருசா இருக்கிற காளையோட மகள்களும் சீக்கிரமா பருவத்துக்கு வர்ற போக்கு இருக்கு. நான் "வீண்"னு சொன்ன தேர்வு இதுதான்.

இன்னொரு வழி, கலப்பினம். அமெரிக்காவுல நெப்ராஸ்கா மாநிலம் க்ளே சென்டர்ல ஹெரிஃபோர்டு, ஆங்கஸ், ஷார்ட்ஹார்ன் மூணையும் கலந்து பார்த்தாங்க. கலப்பால கறியோட குணத்துல பெருசா மாற்றம் வராது. பசுவோட ஆயுசு, கன்னு ஈனுறது, கன்னு பிழைக்கிறது, இதுலதான் லாபம். ஹெரிட்டபிலிட்டி எங்க குறைவோ அங்கதான் கலப்பு நல்லா வேலை செய்யுது.

போன எபிசோடுல அந்த ரெண்டு நிமிஷத்தை வெட்டிட்டேன். மெயில் போட்ட தங்கச்சிக்கு நன்றி.