பழைய கணினி: மேம்படுத்தலாமா, புதிதாக அசெம்பிள் செய்யலாமா?

கணினியை ஆன் செய்துவிட்டுக் கோப்பி கலக்கிக் குடித்தும் முடித்தாயிற்று. திரையில் அந்த வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. "போதும்ப்பா, புதுசா ஒண்ணு அசெம்பிள் பண்ணிடலாம்" என்று தோன்றுகிறதா?

கொஞ்சம் பொறுங்கள். அவசரப்பட்டால் இரண்டு முறை செலவு செய்ய வேண்டி வரலாம்.

இந்தக் கேள்வி இப்போது ஏன்?

2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. பதிவு செய்துகொள்வோருக்கு மேலும் ஓராண்டு பாதுகாப்பு மேம்பாடுகள் கிடைக்கும் என மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. பாதுகாப்பு மேம்பாடு இல்லாத கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பது ஆபத்து.

அதே ஆண்டின் இறுதியில் ரேம் விலையும் மளமளவென ஏறியது. செயற்கை நுண்ணறிவுத் தரவு நிலையங்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டதே முக்கியக் காரணம்.

முதலில் எது மெதுவாக இருக்கிறது?

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். வழக்கமான வேலையைச் செய்துகொண்டே அதைக் கவனியுங்கள்.

- டிஸ்க் அடிக்கடி 100 விழுக்காட்டைத் தொடுகிறதா? பழைய ஹார்ட் டிஸ்க்தான் காரணமாக இருக்கலாம். அது விநாடிக்குச் சுமார் 150 மெகாபைட் படிக்கும். சாதாரண சாட்டா எஸ்எஸ்டி 500க்கும் மேல் படிக்கும்.
- மெமரி எப்போதும் நிரம்பி இருக்கிறதா? ரேம் சேர்க்கலாம்.
- விளையாட்டில் மட்டும் திணறுகிறதா? கிராஃபிக்ஸ் கார்டைப் பாருங்கள்.
- சிபியு 100 விழுக்காட்டிலேயே நிற்கிறதா? இங்குதான் யோசிக்க வேண்டும்.

எல்லைக்கோடு எது?

மதர்போர்டு. தேவையான மாற்றம் இப்போதுள்ள மதர்போர்டிலேயே முடிந்துவிட்டால், அது மேம்பாடு. மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்றால், பெயர்தான் மேம்பாடு. உண்மையில் நீங்கள் புதுக் கணினி அசெம்பிள் செய்கிறீர்கள். செலவையும் அப்படியே கணக்குப் போடுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. 2017இல் வாங்கிய இரண்டு கணினிகள். ஒன்றில் இன்டெல் 7ஆம் தலைமுறைச் சிப். மற்றதில் ஏஎம்டி ரைசன் 1000 வரிசைச் சிப். இரண்டுமே விண்டோஸ் 11க்கான பட்டியலில் இல்லை (இன்டெலில் ஒருசில சிப்கள் மட்டும் விதிவிலக்கு).

இன்டெல் 8ஆம் தலைமுறைச் சிப்பை அந்தப் பழைய மதர்போர்டு ஏற்காது. சாக்கெட் ஒன்றுபோல் இருந்தாலும் வேலை செய்யாது. ஆக, புது மதர்போர்டு.

ரைசன் கணினியின் கதை வேறு. அதன் ஏஎம்4 மதர்போர்டுகள் பலவற்றில் பயோஸை மட்டும் புதுப்பித்துவிட்டு ரைசன் 5000 வரிசைச் சிப்பைப் பொருத்தலாம். கையில் உள்ள டிடிஆர்4 ரேமையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். உங்கள் மதர்போர்டு மாடல் எந்தச் சிப்களை ஏற்கும் என்பது தயாரிப்பாளரின் இணையப்பக்கத்தில் இருக்கும். வாங்கும் முன் கட்டாயம் பாருங்கள்.

ஒரே வயது, ஆனால் முடிவு வேறு. அதனால் "எட்டு வருஷம் ஆச்சு" என்பது மட்டும் காரணம் ஆகாது.

காசு செலவழிக்காமல் ஒரு சோதனை

சிப் பட்டியலில் இருந்தும் "விண்டோஸ் 11 இயங்காது" என்று காட்டுகிறதா? டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி பயோஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம். அதை ஆன் செய்தாலே பிரச்சினை தீரக்கூடும்.

புதிதாக அசெம்பிள் செய்வதென்றால்?

ஏஎம்5 போன்ற புதிய மதர்போர்டுகளுக்கு டிடிஆர்5 ரேம் வேண்டும். பழைய டிடிஆர்4 அதில் பொருந்தவே பொருந்தாது. விலை ஏறியிருக்கும் நேரத்தில் இது பெரிய செலவு.

எஸ்எஸ்டி, திரை, விசைப்பலகை, பெரும்பாலும் கேஸ் ஆகியவற்றை மீண்டும் பயன்படுத்தலாம். பவர் சப்ளை விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பழையது கோளாறானால் புதுப் பாகங்களையும் சேர்த்துக் கெடுத்துவிடலாம். சில பிராண்டட் கணினிகளின் பவர் சப்ளையும் மதர்போர்டும் தனி வடிவில் இருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிம் லிம் ஸ்குவேருக்குப் போகும்முன் சிப், மதர்போர்டு, ரேம், பவர் சப்ளை நான்கின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் கேட்கும் முதல் கேள்விகளே அவைதான்.

பழையதை என்ன செய்வது?

குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் மின்கழிவு சேர்கிறது. 2021 ஜூலையிலிருந்து பெரிய மின்னியல் கடைகள் மின்கழிவைச் சேகரிக்க வேண்டும் என்ற விதி நடப்பில் உள்ளது. கொடுப்பதற்கு முன் டிஸ்க்கில் உள்ள தகவல்களை முழுமையாக அழித்துவிடுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால், மதர்போர்டு தாங்கும் என்றால் மேம்படுத்துங்கள். தாங்காது என்றால், பாதிப் பாதியாகச் செலவழிக்காமல் சேமித்து ஒரேயடியாகப் புதிதாக அசெம்பிள் செய்யுங்கள்.