நவராத்திரி மண்டபத்து இசை

சரத் ருது எனப்படும் இலையுதிர்ப் பருவத்தில் வரும் நவராத்திரியின்போது, திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலை அடுத்துள்ள நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது மாலைகளும் கச்சேரி நடைபெறுகிறது. கன்னியாகுமரி மாவட்டத்துப் பத்மநாபபுரத்திலிருந்து ஊர்வலமாகக் கொண்டுவரப்படும் சரஸ்வதி திருமேனியின் முன் பாடப்படுவதால், இது கச்சேரி என்பதைவிட வழிபாடு என்றே கருதப்படுகிறது. ஆகவே இங்கே கைதட்டல் இல்லை. முதல் நாள் சங்கராபரணம், இரண்டாம் நாள் கல்யாணி எனத் தொடங்கி ஒன்பதாம் நாள் ஆரபியில் நிறையும் வரிசையில், சுவாதித் திருநாள் (1813–1846) இயற்றிய கிருதி ஒன்று, அதாவது பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் உறுப்புகள் கொண்ட பாடல், ஒவ்வொரு மாலைக்கும் மையமாக அமைகிறது. நெடுங்காலம் ஆண்களே பாடிவந்த இம்மண்டபத்தில் 2006இல் பாறசாலை பொன்னம்மாள் பாடியது பெருமைக்குரிய, ஆனால் மிகவும் தாமதமாக வந்த மாற்றமாகும்.